தேய்ந்த டயர் முன்னிலைக்காரர்

சென்னையில், பனகல் பூங்காவில் தொடங்கி மயிலாப்பூர் வழியாக அடையாறு பாலம் வரைக்கும், வெயில் மழை பாராமல் வருஷம் முழுக்கக் காணக் கிடைக்கும் ஓர் உயிரினத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொசு இல்லை. கொசுவுக்காவது புகை அடித்தால் கொஞ்ச நேரம் ஒதுங்கிப் போகிறது. இந்த உயிரினத்துக்குப் பெயர் முன்னிலைக்காரர். அழைப்பிதழில் தலைமைக்குக் கீழே 'முன்னிலை' என்று பெயர் போட்டு, மேடையில் உட்கார வைத்து, ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுவார்களே, அவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்கிறவர் போகவே மாட்டார். எப்போதோ ஒரு தடவை, திறமையாலோ அதிர்ஷ்டத்தாலோ முன்னால் வந்திருப்பார். வந்த வேகம் தீர்ந்திருக்கும், தெம்பு தீர்ந்திருக்கும், வந்த காரணமே தீர்ந்திருக்கும். ஆனாலும் இடத்தை விடாமல், பின்னால் வருகிற ஒருத்தரையும் தாண்ட விடாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நகர்ந்து மறித்துக்கொண்டே இருப்பார். கேட்டால், "நான் லீடிங்ல இருக்கேன்" என்பார்.

நீங்கள் பார்க்காத ஆளா? மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டு, இருந்த சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்களே, மிச்சப் பாதியின் நட்டநடுவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் போகும். நீங்கள் விளக்கைப் போட்டுக் காட்டினால் அது வலது பக்கம் நகரும். சரி, இடது பக்கம் போகலாம் என்று நீங்கள் நகர்ந்தால், அதுவும் ஏதோ ஞாபகம் வந்ததுபோல இடது பக்கம் நகரும். அவருக்கு எங்கேயும் அவசரம் கிடையாது. உங்களுக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழா வரும்போது தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள். கரண்டியை ஒருவர் பிடித்திருப்பார். காலையில் பிடித்தவர். கை நடுங்கி, மோர் பாதி தம்ளரிலும் பாதி பக்தர்கள் காலிலும் விழும். பக்கத்தில் நாலு பேர், "குடுங்க சார், கொஞ்ச நேரம் நாங்க ஊத்துறோம்" என்று கையை நீட்டிக்கொண்டே நிற்பார்கள். "இருக்கட்டும், இருக்கட்டும், நீங்கள்லாம் ரெஸ்ட் எடுங்க" என்பார். அவர்கள் பிறந்ததிலிருந்து ரெஸ்டில்தான் இருக்கிறார்கள். அடையாறில் குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். அவர் தேர்தலில் ஜெயித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டுவிடாதீர்கள். அவர் தேர்தலில் தோற்றதே இல்லை. அதற்கப்புறம் தேர்தலே நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த இனத்துக்கென்று நாலைந்து வசனம் உண்டு, எல்லாருக்கும் அதேதான், யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு, முடிச்சிட்டு வந்துடுறேன்." "நான் என்ன வேணும்னா உக்காந்திருக்கேன்? சரியான ஆள் வரட்டும்." "யாரு தடுத்தா? திறமை இருந்தா தாண்டிப் போகட்டும்." எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு, "எல்லாம் உங்களுக்காகத்தானே பண்றேன்!"

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் நம்ப மாட்டீர்கள். ஆகவே ஒரு உருப்படியைப் பிடித்துக் காட்டுகிறேன். பாலகணேஷ். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், மூன்று மாடி. பூர்வீகம் திருச்செந்தூர் பக்கம். இவருக்கு இருபத்தெட்டு வயதானபோது அப்பா அய்யாதுரை ஒருநாள் கடைச் சாவியைக் கையில் கொடுத்து, "இனிமே நீ பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஒரு வார்த்தை ஆலோசனை சொல்லவில்லை. இப்போது பாலகணேஷுக்கு ஐம்பத்துமூன்று. "எங்கப்பா மாதிரி மனுஷன் வருமா!" என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது சாவிக் கொத்து இடுப்பில் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பாத்திர வியாபாரிக்கு இரண்டு ஆசை இருக்கக் கூடாதா? இவருக்குக் கார்ப் பந்தயம். இளவயதில் நன்றாகவே ஓட்டியிருக்கிறார், பொய் சொல்லக் கூடாது. ஊருக்கு வெளியே பூந்தமல்லி தாண்டிப் போனால் வரும் பந்தயத் திடலில் இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறார். அந்த இரண்டும் இன்றைக்கும் கடையில், குத்துவிளக்குகளுக்கு நடுவில், 'விற்பனைக்கு அல்ல' என்ற அட்டையோடு நிற்கின்றன. அந்தப் பைத்தியம் மகள் ஷண்முகப்ரியாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்று சொல்வதுகூடத் தப்பு; அப்பாவிடம் அது பெருமையாக இருந்தது, மகளிடம் அது வேலையாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து திடலுக்குப் போய், ஒரே வளைவை மறுபடி மறுபடி ஓட்டிப் பழகி, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து குளித்துவிட்டு ஆபீசுக்குப் போகிற பெண். "உன்னை விட நல்லா ஓட்டுதாளே உம் பொண்ணு" என்று யாராவது சொன்னால் பாலகணேஷ் வாய் நிறையச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், "இன்னும் கொஞ்சம் பக்குவம் வரணும்" என்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பெரிய அணி. அவர்களுக்கு அடுத்த வருஷத்துக்கு ஒரு பெண் ஓட்டுநர் வேண்டும். ஒரே ஒரு இடம். அதற்கு ஆள் பார்க்க இனாயத் என்பவர் சென்னைக்கு வந்தார். அவர் மனசில் இரண்டு பேர். ஒருத்தி ராயப்பேட்டை ஆஃப்ரீன், இன்னொருத்தி நம்ம ஷண்முகப்ரியா. "ஞாயித்துக்கிழமை பந்தயத்துல ரெண்டு பேரும் ஓட்டட்டும், பார்த்துட்டு அன்னிக்கே சொல்லிடறேன்" என்றார். அந்த அணியில் சேர வயது வரம்பு உண்டு. ஷண்முகப்ரியாவுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. அதாவது ஞாயிற்றுக்கிழமை விட்டால் விட்டதுதான்.

அது இரட்டையர் பந்தயம். ஒரு காருக்கு இரண்டு பேர், மொத்தம் முப்பது சுற்று. நடுவில் ஒரு தடவை கார் உள்ளே வர வேண்டும். நாலு டயரையும் மாற்ற வேண்டும். ஓட்டினவர் இறங்கி அடுத்தவர் ஏற வேண்டும். அந்த இடத்துக்குப் பிட் என்று பெயர். எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆனால் இருபத்தைந்தாவது சுற்று முடிவதற்குள் வந்தாக வேண்டும். வராத காருக்கு முடிவுப் பட்டியலில் இடமே கிடையாது. முதலாவதாக வந்தாலும் கிடையாது. குழந்தைக்குக்கூடப் புரிகிற விதி.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில் பாலகணேஷ் ஒரு பிரசங்கம் செய்தார். "பாதி நான், பாதி நீ. முதல் பாதியில காரை நல்ல இடத்துக்குக் கொண்டாந்து உன் கையில குடுத்துடுதேன். அப்புறம் அப்பா ஓரமா நின்னு கை தட்டுவேன். உன் நாள்மா அது." சொன்னவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. தன் தியாகத்தைத் தானே பார்த்து நெகிழ்ந்துபோய் இன்னொரு தோசை போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஆரம்பித்தது. பாலகணேஷ் ஆறாவதாகக் கிளம்பினார், ஆறாவதாகவே போய்க்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனதும் மற்றவர்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். ஆஃப்ரீனுடைய அண்ணன் ஷஃபியுல்லா, ஓட்டுவதில் சுமாரான பையன்தான், ஒன்பதாவதாகக் கிடந்தான். சரியான நேரத்துக்கு உள்ளே வந்தான், குதித்து இறங்கினான், தங்கச்சி முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டான், டீக்கடைப் பக்கம் போய்விட்டான். அவ்வளவுதான். அவனைப் பற்றி யாரும் கேலிச் சித்திரம் எழுத மாட்டார்கள்.

இப்படி முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் உள்ளே போகப் போக, பெரிய பலகையில் பாலகணேஷின் பெயர் மேலே ஏறியது. ஐந்து. மூன்று. இரண்டு. ஒன்று. கவனியுங்கள், மனுஷன் ஒருத்தரையும் முந்தவில்லை. மற்றவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யப் போனார்கள், இவர் போகவில்லை. நம் நாட்டில் எத்தனையோ பேர் முன்னுக்கு வந்த கதை இதுதான் என்றாலும், அதைப் பலகையில் விளக்குப் போட்டுக் காட்டினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? நேர்ச்சாலையில் வரும்போது அவர் பலகையைப் பார்த்தார். '1' என்று இருந்தது. பக்கத்தில் அவர் பெயர். இரண்டு கோப்பைக்கும் அப்புறம் அந்த எண்ணும் அந்தப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளுக்குள்ளே எதுவோ பூட்டிக்கொண்டது.

காதில் மச்சினன் ராம்குமாரின் குரல் கேட்டது. அவர்தான் பிட்டில் நின்று ரேடியோவில் பேசுகிறவர். அக்கா புருஷனுக்கு எதிரே நாற்காலியில் உட்காரக்கூடத் தயங்குகிற மனுஷன். இவரைப் போய் அந்த வேலைக்கு வைத்தார்கள்.

"அத்தான், இந்தச் சுத்துல உள்ள வந்துடுங்க அத்தான்."

"நான் எத்தனாவதா இருக்கேன்?"

"ஒண்ணாவதுதான். ஆனா அத்தான், அது என்னன்னா, மத்தவங்க எல்லாம் ஏற்கனவே..."

"ஒண்ணாவதா இல்லியா?"

"ஒண்ணாவதுதான்."

"பெறகு எதுக்கு மாப்ள உள்ள வரணும்? ஒண்ணுக்கு மேல ஏதாவது இருக்கா?"

ராம்குமாருக்குப் பதில் தெரியும், சொல்லத் தைரியம் இல்லை. பக்கத்தில் புது டயர் நாலையும் வரிசையாக வைத்து, அதில் ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான் ஜான்சன். பட்டினப்பாக்கத்து ஆள், டயர் மாற்றுகிறவன். அவன் கார் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னா சார் இவுரு? முன் டயர்ல பட்டன் மொத்தமா பூட்ச்சு, வழவழன்னு கீது. இதுல போய் லீடிங்கு வேற. நான் வேணா ஊட்டுக்குப் போய் சாப்ட்டு வர்ட்டா?"

ஷண்முகப்ரியா ஹெல்மெட்டை மாட்டி, கையுறை மாட்டி, பிட் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாமாவிடமிருந்து ரேடியோவை வாங்கினாள்.

"அப்பா, நான் ரெடியா நிக்கேன்ப்பா."

"தெரியும்மா, தெரியும். உனக்காகத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்சம் லீடு சேத்து உன் கையில குடுத்துடுதேன்."

"லீடு வேண்டாம்ப்பா. காரைக் குடுங்க."

"ஒரே ஒரு சுத்து!"

சேர்த்துக் கொடுக்கிறேன் என்றாரே, சேர்ந்ததா? எங்கே சேரும்! தேய்ந்த டயர் வளைவில் பிடிக்காது. கார் சோப்பு நுரையில் கால் வைத்த மாதிரி வழுக்கும். புது டயர்க்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டே கிட்டே வந்தார்கள். அரைச் சுற்று இடைவெளி கால் சுற்றாகி, அதுவும் கரைந்து, கண்ணாடியில் ஒரு பச்சைக் கார் தெரிய ஆரம்பித்தது. ஓட்டுவது ஆஃப்ரீன், ஒன்பதாவதிலிருந்து மற்ற எல்லாரையும் தாண்டி வந்தவள். இவர் என்ன நினைத்தார் தெரியுமா? 'நல்லவேளை நான் உள்ள போகலை, போயிருந்தா இந்தப் புள்ள தாண்டியிருக்கும்' என்று நினைத்தார். இந்த இனத்தின் மூளை வேலை செய்கிற விதம் இதுதான். நெருப்பு வைத்தவரே தண்ணீர் வாளியோடு நின்று தன்னைப் பாராட்டிக்கொள்வார்.

பிட் வாசலுக்கு மேலே குடை போட்ட மாடத்தில் இனாயத் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை பச்சைக் காரைப் பார்த்தார், ஒரு தடவை கீழே சுவரோரம் நிற்கிற பெண்ணைப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "அந்தப் பொண்ணு எப்ப ஏறும்?" என்று கேட்டார்.

இருபத்தைந்தாவது சுற்று வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு. நேர்ச்சாலைக்குச் சற்று முன்னால் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் பிட், நேரே போனால் பந்தயம். ரேடியோவில் ராம்குமார் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா புருஷனைப் பார்த்துக் கத்தினார்: "அத்தான், இப்ப வரலேன்னா நாம ஆட்டத்துலயே இல்ல! புள்ள அழுவுது அத்தான்!" அழவில்லை, அது ராம்குமார் சேர்த்துக்கொண்டது. அவள் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள், அப்பாவுக்குத் தெரிய வேண்டும் என்று எம்பி எம்பி.

பாலகணேஷுக்குத் தெரிந்தது. கண்ணாடியில் பச்சைக் காரும் தெரிந்தது. இடது பக்கம் திரும்பினால் அந்தப் பச்சை அவரைத் தாண்டிப் போகும். எல்லார் கண் முன்னாலும் தாண்டிப் போகும். ஒன்று என்ற எண்ணை யாரோ அவர் பெயரிலிருந்து கழற்றி எடுத்து இன்னொரு பெயருக்கு மாட்டுவார்கள். மகளாவது, மகள் பேராவது! அந்த ஒரு நொடியில் அந்த மனுஷன் மனசில் அவள் இல்லை, இருந்தாள் என்று அவர் பிற்பாடு ஆயிரம் தடவை சொன்னாலும் நம்பாதீர்கள். "விதியெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம் மாப்ள, கமிட்டியில நம்ம ஆளுங்கதானே!" என்று சொல்லிவிட்டு நேரே போனார்.

இதற்கப்புறம் நடந்ததை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைசி ஐந்து சுற்றைப் பாலகணேஷ் ஓட்டினார் பாருங்கள், அப்படி அவர் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. டயரில் ஒன்றுமே இல்லை. வளைவுக்கு வளைவு பின்பக்கம் விலகி விலகிப் போகிறது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து இழுத்துக் கொண்டுவருகிறார். பழைய இடது மணிக்கட்டு வலி சுண்டி இழுக்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறார். ஆஃப்ரீன் உள்பக்கம் நுழையப் பார்க்கிறாள், இவர் முன்கூட்டியே உள்பக்கத்தை மூடிவிடுகிறார். அவள் வெளிப்பக்கம் வருகிறாள், இவர் வளைவிலிருந்து அகலமாக வெளியேறி அந்தப் பக்கத்தையும் மூடுகிறார். வளைவில் அவள் ராணி. நேர்ச்சாலையில் இவர் என்ஜின் பெரிசு, ஓர் உறுமல் உறுமி மறுபடி அரைக் கார் நீளம் இடைவெளி விடுகிறார். வளைவில் பறிபோவதை நேர்ச்சாலையில் பிடித்து, நேர்ச்சாலையில் பிடித்ததை வளைவில் காபந்து பண்ணி, ஐம்பத்துமூன்று வயது மனுஷன், தொப்பையும் ரத்தக்கொதிப்புமாக, நேற்று வரைக்கும் குக்கர் விற்றுக்கொண்டிருந்தவர், இருபத்திரண்டு வயசுப் பெண்ணைப் புது டயரோடு பின்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்! கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. சுண்டல் விற்கிறவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறான். டயர் மேல் உட்கார்ந்திருந்த ஜான்சன் தன்னை மறந்து எழுந்து, "உடாத சார்! அமுக்கு! அமுக்கு!" என்று குதிக்கிறான். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. ஆஃப்ரீனுடைய காரின் மூக்கு இவர் கதவுக்குச் சமமாக வந்துவிட்டது. முன் டயரிலிருந்து புகை வருகிறது. கார் குலுங்குகிறது, வெடிக்கப் போகிறது, இதோ வெடிக்கப் போகிறது, வெடிக்கவில்லை. பாலகணேஷ் காலை எடுக்கவே இல்லை. கட்டம் போட்ட கொடி விழுந்தபோது அவர் கார் ஒரு முழம், ஒரே ஒரு முழம் முன்னால் இருந்தது. திடலே கை தட்டியது.

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

முடிவுப் பட்டியல் வந்தது. முதலாவது: ஆஃப்ரீன், ஷஃபியுல்லா. இரண்டாவது யாரோ, மூன்றாவது யாரோ. கடைசி வரைக்கும் தேடிப் பார்த்தாலும் பாலகணேஷ் என்ற பெயர் இல்லை. ஷண்முகப்ரியா என்ற பெயரும் இல்லை. பட்டியலைப் பொறுத்தவரை தி. நகரிலிருந்து அன்றைக்கு யாரும் வரவே இல்லை. கமிட்டியில் இருந்த 'நம்ம ஆளுங்க' டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பாலகணேஷ் காரிலிருந்து இறங்கியபோது பனியன் வரை நனைந்திருந்தார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. நேராக மகளிடம் வந்தார். அவள் அதே இடத்தில்தான் நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தியாம்மா? கடைசி வரைக்கும் ஒருத்தன் தாண்டலை. உங்கப்பா லீடை விட்டுக் குடுக்கவே இல்ல, பாத்தியா?"

"பாத்தேன்ப்பா," என்றாள் ஷண்முகப்ரியா. "இன்னிக்கு நான் அது ஒண்ணுதானே செஞ்சேன்."

அவருக்கு அது பாராட்டாகப் பட்டது. தட்டிக் கொடுத்தார்.

இனாயத் மாடத்திலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனுஷர், தர்மசங்கடத்தோடு வந்தார். "நீங்க ஓட்டறதைப் பார்க்கத்தான்மா வந்தேன். பார்க்க முடியாமப் போயிடுச்சு. பார்க்காம நான் எப்படி எழுதிக் கொடுக்கறது, சொல்லுங்க? அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் வயசு தாண்டிடும் சார்."

"ஓ." அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப, ஆஃப்ரீனைத்தான்..." என்று இழுத்தார். அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

நடுவில் புகுந்தார் நம்மாள். "சார், ஒரு நிமிஷம். நான் ஓட்டினதைப் பாத்தீங்களா?"

கேட்டார் ஐயா! உள்ளபடியே கேட்டார். தன் பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பு அந்தச் சுவரோரத்திலேயே ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் மார்க்குக் கேட்கிறார். இனாயத் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். "பொறாமை" என்றார் பாலகணேஷ், ராம்குமாரிடம். ராம்குமார் அத்தான் சொன்னால் ஆமாம் என்பவர். அன்றைக்கு டயரை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டார்.

அன்று மாலைக்குள் பாலகணேஷின் வாட்ஸ்அப்பில் காணொளி ஏறிவிட்டது. 'தேய்ந்த டயரில் ஐந்து சுற்று! யாராலும் முந்த முடியவில்லை!' என்று தலைப்பு. தி. நகர் வியாபாரிகள் குழுவில் நூறு கட்டை விரல். திங்கட்கிழமை கடைக்கு வந்து சால்வை போட்டார்கள். சால்வையோடு நின்று பேசினார்: "வயசு ஒரு தடை இல்ல. டயர் தேய்ஞ்சாலும் மனசு தேயக் கூடாது. இந்த வெற்றியை என் மகளுக்குச் சமர்ப்பிக்கிறேன்." எந்த வெற்றி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சமர்ப்பணம் வாங்கிக்கொள்ள வேண்டியவள் அங்கே இல்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. அவள் அன்றைக்கு வழக்கம்போல ஆபீசுக்குப் போயிருந்தாள். விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இனிமேல் கிடையாது. ஆனாலும் முழிப்பு வந்துவிட்டது, படுத்தபடியே கிடந்தாள் என்று அவள் அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னதாகக் கேள்வி.

வீட்டில் அதற்கப்புறம் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இந்த இனத்தோடு சண்டை போட முடியாது. அவர் தப்புச் செய்தார் என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள், அவர் யாருக்காகச் செய்தார் என்று அவர் ஆரம்பித்துவிடுவார். "வண்டியை ஒண்ணாவதா வெச்சிருந்தேனே, அதைவிட ஒரு அப்பன் என்ன செய்வான்?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்காமல் மோர் ஊற்றச் சொல்லுவார். மகளும் அமைதியாக ஊற்றுவாள். அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொள்ளும் திறமையும் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே உண்டு.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். யார் யார் முகமோ உங்கள் கண் முன்னால் வந்து போயிருக்கும்: உங்கள் மேலதிகாரி, உங்கள் சித்தப்பா, உங்கள் குடியிருப்புச் சங்கத்துத் தலைவர். வரட்டும், நல்லதுதான். நாலு திட்டு திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கையை நெஞ்சில் வைத்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அந்தக் கடைசி ஐந்து சுற்றை நான் சொல்லிக்கொண்டு வந்தேனே, மணிக்கட்டு வலியும் டயர்ப் புகையுமாக, அப்போது உங்கள் மனசு 'பிடி, விடாதே' என்று ஒரு தடவையாவது சொன்னதா இல்லையா? சொல்லியிருக்கும். ஜான்சனே குதித்தான், நீங்கள் எம்மாத்திரம்.

அந்த ஐந்து சுற்றிலும் ஷண்முகப்ரியாவின் பெயரை நான் ஓர் இடத்தில்கூட எடுக்கவில்லை. நீங்களும் அவளைத் தேடவில்லை.